பள்ளி எலக்ட்ரானிக்ஸ் மன்றத்துக்கு இலவச உதிரிப்பாகங்கள்: எதைக் கழற்றினால் என்ன தேறும்?

மன்றப் பொறுப்பு:
மாணவர்கள் 20 பேர். சால்டரிங் அயர்ன் 4, மல்டிமீட்டர் 2. பாகங்கள் வாங்கப் பணம் ஒதுக்கீடு இல்லை. பழைய சாதனங்களில் எதைக் கழற்றலாம், எது வீண் வேலை, எதைத் தொடவே கூடாது? கழற்றிப் பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

ஈயப்புகை:
முதலில் வீண் வேலை. ரெசிஸ்டரைக் கழற்ற உட்காராதீர்கள். போர்டில் கால்களை ஒட்ட வெட்டியிருப்பார்கள், பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) நிற்காது. ஒவ்வொன்றுக்கும் கம்பி ஒட்டுவதற்குள் மாணவருக்கு ஆர்வம் போய்விடும். பொட்டு போல ஒட்டியிருக்கும் எஸ்எம்டி பாகங்களும் அப்படியே. மோட்டார், ஸ்விட்ச், ஸ்பீக்கர், ரிலே, ஹீட்சிங்க், கனெக்டரோடு வரும் கம்பிக் கட்டு, அடாப்டர் ஆகியவற்றைத்தான் எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதும்.

பழுதுபார்க்கும் கடையில் ‘பார்ட்ஸ் இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அது அவர்களுக்கு விற்பனைச் சரக்கு. ‘சரிசெய்ய முடியாதென்று ஒதுக்கிய டிவிடி டிரைவ், ஸ்கேனர் இருந்தால் கொடுங்கள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் போவது நல்லது.

பல்சக்கரம்:
மோட்டாருக்கு நம்பகமான இடம் பழைய ஸ்கேனர். பிரிண்டர் என்றதும் ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுற்றுவது) என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இப்போதைய இங்க்ஜெட் பலவற்றில் இருப்பது சாதாரண டிசி மோட்டாரும், அதன் நகர்வை அளக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் பட்டையும்தான். பின்னால் 2 கம்பி வந்தால் டிசி. 4 வந்தால் பெரும்பாலும் பைபோலார் ஸ்டெப்பர் (சுருளில் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி ஓட்டுவது). 5 அல்லது 6 வந்தால் யூனிபோலார் (திசையை மாற்றாமலே ஓட்டக்கூடியது).

4 கம்பியில் ஜோடியைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஏதாவது 2 கம்பியை முறுக்கிச் சேர்த்துவிட்டுத் தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாகத் தெரிந்தால் அந்த இரண்டும் ஒரே சுருள். ஓட்டும்போது கவனம்: பைபோலாரை யூஎல்என்2003 வைத்து ஓட்ட முடியாது, அந்த ஐசி மின்னோட்டத்தைத் திருப்பி விடாது. ஏ4988 மாதிரியான டிரைவர் அல்லது இரண்டு எச்-பிரிட்ஜ் (மின்னோட்டத்தின் திசையை மாற்றும் சுற்று) தேவை. மோட்டார் ‘துடிக்கிறது, சுற்றவில்லை’ என்று வரும் புகாரில் பாதி ஜோடி மாறியதால் வருவது.

பிரிண்டரில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு பொருள், ‘U’ வடிவக் கறுப்பு சென்சார். காகிதம் வந்ததா என்று பார்ப்பது அதுதான். மல்டிமீட்டரின் டயோடு முறையில் 1.0 முதல் 1.2 வோல்ட் காட்டும் பக்கம் எல்இடி. 5 வோல்ட்டில் அதற்கு 330 ஓம், மறுபக்க டிரான்சிஸ்டருக்கு 10 கிலோஓம் புல்-அப் (வெளியீட்டை 5 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்). வேகமானி, எண்ணிக்கைக் கருவி எல்லாம் இதை வைத்தே செய்யலாம்.

டிவிடி டிரைவில் லென்ஸை நகர்த்தும் குட்டி ஸ்டெப்பர் கிடைக்கும். தண்டே திருகு, வழக்கமாக ஒரு சுற்றுக்கு 20 படி, 3 மி.மீ. நகர்வு, அதாவது படிக்கு 0.15 மி.மீ. இரண்டு டிரைவ் சேர்ந்தால் சின்ன வரைபொறி தயார்.

தாமிரக்கம்பி:
ஒரு திருத்தம். பழைய சிடி டிரைவ்கள் பலவற்றில் அந்த இடத்தில் டிசி மோட்டார் இருக்கும். வரைபொறிக்கு டிவிடி ரைட்டரைத் தேடுங்கள். அதிலுள்ள லேசர் டயோடை மட்டும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாமலே விழித்திரையைச் சுட்டுவிடும்.

ஈயப்புகை:
எரிந்துபோன சிஎஃப்எல் விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் இருக்கிறது. குழாயைப் பிடித்துத் திருகக் கூடாது. அடிப்பாக பிளாஸ்டிக்கின் இணைப்பில் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, வெளித் திறப்பில், பெரியவர் ஒருவர் பிரிக்கட்டும். உள்ளே 1என்4007 டயோடு 4, 13001 அல்லது 13003 வகை டிரான்சிஸ்டர் 2, 400 வோல்ட் கெபாசிட்டர் 1, டிபி3 டயாக் (விளக்கைத் தொடங்கிவைக்கும் பாகம்), ஒரு சோக் (கம்பிச் சுருள்) இருக்கும். பல விளக்குகளில் இழைதான் அறுந்திருக்கும், போர்டு நன்றாகவே இருக்கும்.

13003-ஐ ஆர்டுயினோவில் (நிரல் எழுதி ஓட்டும் சிறு கட்டுப்பாட்டு போர்டு) நேராக மாட்டி ‘வேலை செய்யவில்லை’ என்பார்கள். அதன் மின்னோட்டப் பெருக்கம் 8 முதல் 40 வரைதான். 300 மில்லிஆம்பியர் மோட்டாருக்குப் பெருக்கம் 10 என்று வைத்தால் பேஸுக்கு (டிரான்சிஸ்டரை இயக்கும் காலுக்கு) 30 மில்லிஆம்பியர் வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் பின்னில் 20-க்கு மேல் எடுப்பது நல்லதல்ல. முன்னால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போட்டு டார்லிங்டனாக (முதலாவதின் வெளியீடு அடுத்ததன் பேஸுக்குப் போகும்படி) இணைத்தால் சரியாகிவிடும். மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாகப் போடும் டயோடும் அதே போர்டில் இருக்கிறது. 13001-இல் கால்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், மீட்டரில் பார்க்காமல் பொருத்த வேண்டாம்.

எல்இடி பல்பில் பெரும்பாலும் நடுவே கரும்புள்ளி விழுந்த ஒரு எல்இடிதான் போயிருக்கும். மற்றவற்றை 9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோஓம் சேர்த்துச் சோதியுங்கள். ஒரே வில்லைக்குள் இரண்டு மூன்று சிப் தொடராக இருந்தால் மீட்டரின் டயோடு முறையில் எரியாது, செத்தது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். கழற்ற அயர்ன் முனையைக் கொண்டு போராட வேண்டாம். அலுமினியத் தகடு வெப்பத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். தகட்டை அடியிலிருந்து சூடேற்றி இடுக்கியால் தூக்கினால் வந்துவிடும்.

ஆய்வகச் சாவி:
பாதுகாப்பு. மன்றத்தின் வாசலிலேயே ‘வாங்க மாட்டோம்’ பட்டியல் ஒட்டுங்கள்: மைக்ரோவேவ் அடுப்பு, படக்குழாய் டிவி, உப்பிய பேட்டரி, குழல் விளக்கு, அயனி வகைப் புகை உணரி. மைக்ரோவேவில் சுமார் 2000 வோல்ட், கொல்லும் அளவு மின்னோட்டத்தோடு. புகை உணரியின் அந்த வகையில் அமெரீசியம்-241 இருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் நல்ல 18650 (லித்தியம்) செல்கள் தேறும் என்பது உண்மைதான், ஆனால் பிரிக்கும்போது ஷார்ட் ஆனால் தீ. பள்ளிக்கு அது வேண்டாம்.

கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டி) திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேராக்கினால் 325 வோல்ட் டிசி; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெபாசிட்டரில் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து காலிசெய்வது கெட்ட பழக்கம்: முனை உருகும், தீப்பொறி கண்ணுக்கு வரும். கட்டாயம் திறக்கத்தான் வேண்டுமென்றால் ஆசிரியர் திறந்து, 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் வைத்து, மீட்டரில் அளந்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அளக்கட்டும். கொஞ்சம் மின்னழுத்தம் திரும்ப ஏறும்.

தாமிரக்கம்பி:
திறக்காமலே அது தங்கம். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. பழைய மாடல் சில, சுமை இல்லாவிட்டால் ஓடியதும் அணைந்துவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அது சூடாகும், மேசையில் படாமல் நிறுத்துங்கள். எல்லா வெளியீட்டிலும் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். 5 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம், 20 ஆம்பியர் வரை தரக்கூடியது, பிரெட்போர்டே உருகிவிடும்.

பல்சக்கரம்:
கழற்றும் முறை. பழுப்பு நிறக் காகிதப் போர்டு, ஒரு பக்கம் மட்டும் தாமிரம் என்றால் சுலபம். பச்சை நிற இரட்டைப் பக்கப் போர்டில் துளைக்குள்ளும் சால்டர் ஏறியிருக்கும், சால்டர் உறிஞ்சும் பம்ப் இழுக்காது. அங்கே பழைய சால்டரின் மேல் புதிய 60/40 (வெள்ளீயம்-ஈயம்) சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்குங்கள். ஈயமில்லா சால்டர் சுமார் 217 டிகிரியில் உருகும், 60/40 சுமார் 190-க்குள் உருகிவிடும். கலந்தால் உருகுநிலை இறங்கும், ஓட்டமும் வரும். முனை 350 டிகிரி, ஒரு காலுக்கு 3 அல்லது 4 விநாடி. அதற்கு மேல் வைத்தால் தாமிரப் பட்டை உரிந்து வரும் (வீசப்போகும் போர்டுதானே, அது பரவாயில்லை), பாகமும் வெந்துவிடும். நெருப்பில் காட்டிப் போர்டை உதறுவது வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நச்சு. முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

ஆய்வகச் சாவி:
பள்ளி ஆய்வகத்தின் பழுதான கருவிகளையும் பாருங்கள். இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கி, பொறுப்பாளர் கையெழுத்து வாங்கிய பிறகே ஸ்க்ரூடிரைவர். இல்லாவிட்டால் அடுத்த தணிக்கையில் கேள்வி வரும்.

ஐசி தயாரிக்கும் நிறுவனங்கள் சில இலவச மாதிரிகள் அனுப்புவதுண்டு. பொது மின்னஞ்சலில் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு. கல்வி நிறுவன முகவரியிலிருந்து ஆசிரியர் கேட்க வேண்டும். எந்த வடிவம் என்று பார்க்காமல் கேட்டு, கால் இல்லாத க்யூஎஃப்என் வந்து சேர்ந்தால் பிரெட்போர்டில் எதுவும் செய்ய முடியாது. டிஐபி (பிரெட்போர்டில் செருகும் கால்கள் உள்ள வடிவம்) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எஸ்ஓஐசியும் (போர்டின் மேல் ஒட்டும் சிறு கால் வடிவம்) அதற்கான அடாப்டர் போர்டும்.

மன்றப் பொறுப்பு:
கழற்றியதைச் சோதித்து வைக்க எளிய முறை?

ஈயப்புகை:
சோதிக்காத பாகம் பெட்டிக்குள் போகக் கூடாது. டயோடு முறையில் சிலிக்கான் டயோடு 0.5 முதல் 0.7 வோல்ட், ஷாட்கி வகை டயோடு 0.15 முதல் 0.3. இரு திசையிலும் பூஜ்யம் காட்டினால் ஷார்ட். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ அடியில் கசிந்திருந்தாலோ குப்பைக்கு. பார்க்க நன்றாக இருந்தாலும் பழையதை டைமர் போன்ற இடத்தில் போடாதீர்கள், மதிப்பு இறங்கியிருக்கும். ஃபிலிம், செராமிக் வகைகளை நம்பலாம்: 104 என்றால் 100 நானோஃபாரட், 473 என்றால் 47.

மூன்று கால் கறுப்புப் பாகம் எல்லாம் டிரான்சிஸ்டர் இல்லை. அடாப்டர் போர்டில் ஆப்டோகப்ளருக்கு (ஒளி வழியே சிக்னல் கடத்தும் பாகம்) பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் டிஎல்431, மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் ஐசி. டிரான்சிஸ்டர் டப்பாவில் அது கலந்துவிட்டால், சுற்று சரியாக இருந்தும் மோட்டார் ஓடாது. மேலே 431 என்ற எண்ணைத் தேடி, தனி உறையில் எழுதிப் போடுங்கள்.