வளவுச் சுவரில் பார்த்த 'தி திங்'

போன வருஷம் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் கூடியிருந்தோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அண்ணன் மகன் புரொஜெக்டரை எடுத்து வந்தான். திரை தேவைப்படவில்லை. வளவு என்கிற எங்கள் வீட்டு நடுமுற்றத்தில், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர் இன்றும் வழுவழுவென்று இருக்கிறது.

நான் கேட்டுப் போட வைத்தது ஹாலிவுட் இயக்குநர் ஜான் கார்பென்டரின் திகில் படம் 'தி திங்'. 1951-ல் வந்த படத்தை 1982-ல் மறுபடி எடுத்தார். பழையதில் வேற்றுக்கிரக உயிராக வந்தது வேஷம் கட்டிய ஒரு நெட்டை மனிதர். கார்பென்டர் 1938-ல் வந்த மூலக் கதைக்கே திரும்பினார். அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம். எந்த உயிரையும் அப்படியே நகலெடுத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று நாய் உருவில் உள்ளே வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவன் மனுஷன்தானா என்று ஒருவருக்கும் தெரியாது.

மயங்கிக் கிடப்பவரின் நெஞ்சில் மருத்துவர் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் காட்சி வந்தது. நெஞ்சு வாயாகப் பிளந்து, மருத்துவரின் இரண்டு கைகளையும் கடித்துத் துண்டாக்கியது. வளவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் மேஜையில் கிடந்தவரின் தலை கழுத்திலிருந்து இழுபட்டு அறுந்து, சிலந்திக் கால் முளைத்து நடக்க ஆரம்பித்தது.

"கம்ப்யூட்டர் வேலை சித்தப்பா" என்றான் பையன்.

இல்லை. அதில் அத்தனையும் கை வேலை. கைகளை இழந்த ஒருவரை வரவழைத்து, ஜெலட்டினும் மெழுகும் கொண்டு செய்த கைகளைப் பொருத்தி, மருத்துவராக நடித்தவரின் முகம்போலச் செய்த முகமூடியையும் மாட்டி எடுத்தார்கள். இதையெல்லாம் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம். ஒரு வருஷத்துக்கும் மேல் ஓய்வில்லாமல் உழைத்து, கடைசியில் உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரியில் படுத்தார். நாய்க்கூண்டுக் காட்சியின் பொம்மையை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் என்ற இன்னொரு கலைஞர் செய்து கொடுத்தார். அதற்குள் ஓர் ஆள் கையை விட்டு ஆட்டியிருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்தபோது, தூணில் சாய்ந்திருந்த அப்பத்தா, "நம்ம வேளார் அய்யனாருக்குக் குதிரை செய்யுற மாதிரில்ல செஞ்சிருக்கான்" என்றார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அய்யனார் கோயிலுக்குக் குதிரை கொண்டு போகும் புரவி எடுப்பில் வரும் மண்குதிரையின் கண்ணை அந்தியில் பார்த்தால் குழந்தைகள் ஒதுங்கிப் போவார்கள். அது நிஜமாகவே எதிரில் நிற்கிறது, வெளிச்சம் அதன்மேல் விழுகிறது. இந்தப் படத்தில் நடிகர்கள் முகத்தில் தெரியும் அருவருப்பும் அப்படி வந்ததுதான். சளியும் ரத்தமுமாக ஏதோ ஒன்று அவர்கள் கண்முன்னே துடித்துக்கொண்டிருந்தது.

2011-ல் இதற்கு முன்கதையாக ஒரு படம் வந்தது. அதற்கும் கையால் அருமையாகச் செய்துவிட்டு, பிறகு பெரும்பாலானவற்றைக் கணினிப் படத்தால் மூடிவிட்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

படம் முடிந்தபோது மணி பன்னிரண்டரை. இரண்டாங்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போனார்கள். காலையில் வழக்கம்போலத் தெருநாய் இட்லிக்காக முகப்பில் வந்து நின்றது. பையன் உடனே போடவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.