கறிவேப்பிலை ஐஸ்கிறீம்: கசக்குது, கறுக்குது, ஐஸ் கட்டியாகுது

கல்லடிக்காரி:

எருமைத் தயிரில் கறிவேப்பிலை போட்டு, இனிப்புக் குறைந்த, மெல்லிதாக உப்பு நிற்கிற ஐஸ்கிறீம் செய்யப் பார்க்கிறேன். மிஷின் இல்லை, வீட்டுப் பிறிஜின் பிறீசர்தான். போட்ட கணக்கு: பசும்பால் 500 மில்லி, ரின் பால் (சீனி சேர்த்த கட்டிப்பால்) 200 கிராம், சட்டியில் உறைந்த எருமைத் தயிர் 250 கிராம், பச்சைக் கறிவேப்பிலை ஒரு கைப்பிடி பிளெண்டரில் அரைத்தது, உப்பு கால் தேக்கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, இரவு முழுக்கப் பிறீசரில் வைத்தேன்.

வந்த பிழை நாலு. காய்ச்சும்போதே திரைந்து மணல்மாதிரிக் குறுணி விழுந்தது. நிறம் பச்சையாக வராமல் தேயிலைச் சாயம்போல ஆனது. அடித்தொண்டையில் கசப்பு. விடியப் பார்த்தால் கரண்டி இறங்காத கட்டி, சுரண்டினால் பளிங்குபோல உதிருது. சீனியைக் கூட்டினால் இளகும் என்று தெரியும், ஆனால் எனக்கு இனிப்புக் கூடக்கூடாது. எதை எங்கே மாற்றுவது?

தயிர்முட்டி:

நாலு பிழைக்கும் காரணம் வேறு வேறு, தங்கச்சி. முதலில் கட்டியான கதையைப் பார்ப்போம்.

உங்கட கலவை மொத்தம் ஏறக்குறைய 950 கிராம். ரின் பாலில் சேர்த்த சீனி 45 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆக 200 கிராமில் 90 கிராம், முழுக் கலவைக்கு 9 சதவீதம். தண்ணீரோ ஏறத்தாழ முக்கால்வாசி. கரண்டி இறங்குகிற ஐஸ்கிறீமில் தண்ணீர் 60 முதல் 64 சதவீதம், சீனி 14 முதல் 16 சதவீதம் என்ற அளவில் நிற்கும். நீங்கள் உறைய வைத்தது பால் மணமுள்ள தண்ணீரை. அது பளிங்காகத்தான் போகும்.

இனிப்பைக் கூட்டாமல் இளக்கக் குளுக்கோஸ் இருக்கிறது. சீனியின் முக்கால் பங்கு இனிப்புத்தான், ஆனால் அதே எடையில் உறைநிலையைச் சீனியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கும். எலுமிச்சை மணம், நிறம் எதுவும் சேர்க்காத வெறும் குளுக்கோஸ் மாவாகப் பார்த்து வாங்குங்கள். உப்பும் இதே வேலையை இன்னும் பலமாகச் செய்யும்: 1 கிராம் உப்பு, 11 அல்லது 12 கிராம் சீனி இறக்குகிற அளவுக்கு உறைநிலையை இறக்கும். அதற்காக அள்ளிப் போட ஏலாது. ஒரு கிலோ கலவைக்கு 3 கிராம் தாண்டினால் வாயில் உப்புத்தான் முந்தி வரும்.

குறுணி தயிரால் வந்தது. தயிரின் புரதம் ஏற்கெனவே புளிப்பால் கூடிக் கட்டியானது. சூடு பட்டால் அது சுருங்கித் தண்ணீரைக் கக்கும், கூட இருக்கிற பாலையும் திரைத்துவிடும். தயிரை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாலை மட்டும் காய்ச்சி, பிறிஜ் குளிருக்குக் கொண்டுவந்து, மறுகா தயிரைக் கலக்க வேண்டும்.

ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும் கணக்கு: சட்டித் தயிர் 500 கிராமை வெள்ளைத் துணியில் கட்டி, பிறிஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் 4 மணித்தியாலம் தொங்க விடுங்கள். நீர் வடிந்து துணியில் நிற்கும் தயிரில் 300 கிராம் எடுங்கள். பசும்பால் 400 மில்லி, முழு ஆடைப் பால்மா 50 கிராம், சீனி 90, குளுக்கோஸ் 45, கோன்பிளவர் 10, நெய் 15, தூள் உப்பு 3 கிராம். காம்பில்லாமல் உருவிய கறிவேப்பிலை 25 கிராம். தராசு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். கைப்பிடிக் கணக்கில் ஒரு நாள் வரும், மறுநாள் வராது.

பால்மா, சீனி, குளுக்கோஸ், கோன்பிளவர் நாலையும் முதலில் உலர்வாகக் கலந்து, அரைக் கப் குளிர்ந்த பாலில் கரைத்து, சூடான மீதிப் பாலில் ஊற்றுங்கள். அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் மாவின் பச்சை வாடை போகும். மா தண்ணீரைப் பிடித்து வைப்பதால் பளிங்கும் சின்னதாக விழும். உப்பை இறக்கும்போது போடுங்கள். இந்தக் கலவையில் கொழுப்பு 9 சதவீதம் அளவில் வரும். எருமைத் தயிரின் கொழுப்புத்தான் இங்கே கிறீமின் வேலையைச் செய்கிறது. பசுத் தயிரில் இதே கணக்கைப் போட்டால் மெலிந்துபோகும்.

வாவிக்கரை:

அடிக்கணக்கு சரி. இலையைப் பற்றி நான் எழுதுகிறேன். பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கறிவேப்பிலையின் மணம் எண்ணெயில் கரைகிறது, கொதியில் ஆவியாகப் பறக்கிறது. பச்சையாக அரைத்துக் காய்ச்சினால் மணம் அடுக்களைக்குப் போய், கசப்பும் நாரும் பாலில் நிற்கும். எனவே அரைக்க வேண்டாம், ஊற வையுங்கள். இளங்கொழுந்தில் மணம் போதாது, மஞ்சள் தட்டினது வேண்டாம். கரும்பச்சையான நடுத்தர முற்றல் எடுங்கள். சந்தை இலை என்றால் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, துணியில் ஈரம் முழுதாக ஒற்றுங்கள்.

25 கிராமை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை 15 கிராம் நெய்யில் மெல்லிய நெருப்பில் போடுங்கள். இலை விழுந்ததும் சடசடக்கும், அது இலையில் உள்ள தண்ணீர் வெளியேறும் சத்தம். 40 விநாடி அளவில் சத்தம் அடங்கும். அந்தக் கணத்தில் இலை கண்ணாடிபோல் விறைத்து, இன்னும் பச்சையாகவே இருக்கும். உடனே இறக்குங்கள். பிந்தினால் ஓரம் பழுப்பாகும், அதோடு கசப்பும் வரும். ஒரு நிமிடம் ஆறவிட்டு, நெய்யோடு இலையையும் கொதித்து இறக்கிய பாலில் விடுங்கள். மற்றப் பாதியைக் கையால் கசக்கி, பாலின் கொதி அடங்கி 80 பாகை அளவுக்கு வந்ததும் போட்டு மூடி, 25 நிமிடம் வையுங்கள். நெய்யில் போட்டது தாளித்த வாசம் தரும், பச்சையாகப் போட்டது மரத்தடி வாசம் தரும். இரண்டும் வேண்டும்.

பிறகு அரிதட்டில் வடியுங்கள். அகப்பையால் ஒருமுறை மெல்ல அமத்தினால் போதும். பிழிந்தால் கசப்பும் பாலுக்குள் வந்துவிடும். வடித்த பாலைச் சூடு இருக்கும்போதே பிளெண்டரில் ஒரு நிமிடம் அடிக்க மறக்காதீர்கள். மூடியை இறுக்காமல் துணியால் பொத்திப் பிடியுங்கள், சூட்டுக்கு மூடி எறியும். இதை விட்டால் நெய் குளிரில் தனியாக உறைந்து, மெழுகுத் துண்டுபோல் அண்ணத்தில் ஒட்டும்.

நிறம்: தயிர் போட்டால் பச்சை நிற்காது, அதற்கு மருந்தும் இல்லை. புளிப்பும் சூடும் சேர்ந்தால் இலைப் பச்சையத்தில் உள்ள மக்னீசியம் கழன்று பழுப்பாகிவிடும். மேலே சொன்னமாதிரி வடித்தெடுத்தால் தந்த வெள்ளையில் லேசான பச்சை ஓடும். அது நல்ல நிறம். சாயம் கலந்து அதைக் கெடுக்க வேண்டாம்.

நெல்வயல் சம்மாந்துறை:

உறைய வைக்கிறதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கலவையைப் பிறிஜில் குறைந்தது 4 மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுக்க வையுங்கள். கொழுப்பு இறுகி, பால்மாவும் மாவும் தண்ணீரை நன்றாகக் குடித்த பிறகுதான் காற்றுப் பிடிக்கும். அதன் பிறகு தயிரைக் கட்டியில்லாமல் அடித்துக் கலவுங்கள்.

ஒற்றைக் கதவுப் பிறிஜின் ஐஸ் பெட்டி பல இடத்தில் −18 பாகைக்கு இறங்காது. மெதுவாக உறைந்தால் பளிங்கு பெரிதாகும். அப்படியென்றால் ஐஸும் கல்லுப்பும்தான் நல்லது. மீனுக்குக் கட்டுகிற றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் உடைத்த ஐஸ் 3 கிலோ, கல்லுப்பு 1 கிலோ, ஐஸ் ஒரு படை உப்பு ஒரு படையாக. நடுவில் மூடியுள்ள சில்வர் பாத்திரம், அதில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் கலவை. பாத்திரத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருங்கள், 5 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தில் உறைந்ததை மர அகப்பையால் சுரண்டி நடுவுக்குத் தள்ளுங்கள். 30 முதல் 40 நிமிடத்தில் இடியப்ப மா பதத்துக்கு வரும். ஐஸும் உப்பும் −21 பாகை வரை இறங்கக்கூடிய கூட்டு, வெறுங்கையால் தொடாதீர்கள். மூடி திறக்கும்போது விளிம்பைத் துடையுங்கள். ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் உள்ளே போனால் முழுதும் போச்சு. சந்தை ஐஸ் வெளியே மட்டும்தான், கலவையில் படவே கூடாது.

நல்ல பிறீசர் இருந்தால், அகலமான எவர்சில்வர் தட்டை முதலே உறைய வைத்து, கலவையை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். 45 நிமிடத்தில் ஓரம் இறுகும். முள்ளுக்கரண்டியால் உடைத்து அடியுங்கள். மறுகா அரை மணிக்கொரு தடவை, நாலைந்து முறை. கடைசி முறை பீற்றரால் அடித்து, பொலித்தீனை மேற்பரப்பில் ஒட்டப் போட்டு மூடுங்கள்.

சிலர் ஜெலட்டினும் போடச் சொல்வார்கள். போடுவதென்றால் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். இந்தக் கணக்குக்கு அது தேவையில்லை, கோன்பிளவர் போதும்.

கல்லடிக்காரி:

மிச்சம் நன்றி. இரண்டு கேள்வி. பால் சேராத ஒருவருக்குத் தயிரை விட்டுத் தேங்காய்ப்பாலில் செய்யலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வாவிக்கரை:

ஓம், செய்யலாம். முதற்பால் 500 மில்லி, இரண்டாம் பால் 300. பால்மா போட ஏலாது, அதற்குப் பதிலாக ஊறவைத்து மையாக அரைத்த கஜு (முந்திரிப் பருப்பு) 60 கிராம். சீனி 100, குளுக்கோஸ் 40, கோன்பிளவர் 12, உப்பு 3 கிராம். நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெயில் இலையைப் பொரியுங்கள். மாவை இரண்டாம் பாலில்தான் காய்ச்ச வேண்டும். இறக்கிய பிறகு முதற்பாலைச் சேருங்கள், அதைக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரியும். தேங்காய்க் கொழுப்பு 24 பாகை அளவிலேயே இறுகிவிடும். அதனால் இளஞ்சூட்டில் பிளெண்டரில் அடித்து முடியுங்கள். பிறிஜால் எடுத்த பிறகு பலமாக அடித்தால் குறுணி விழும், அகப்பையால் கலக்கினால் போதும்.

பச்சை நிறம் இதில் வரும், புளிப்பு இல்லையே. தனியாக 10 கிராம் இலையைக் கொதிநீரில் 20 விநாடி போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, பிழிந்து, சூடு ஆறிய கலவை கொஞ்சத்தோடு மையாக அரைத்து வடித்துக் கடைசியில் சேருங்கள்.

தயிர்முட்டி:

கரண்ட் போனால் பிறீசர் கதவைத் திறக்காதீர்கள். ஓரம் மட்டும் இளகியிருந்தால் முழுதாக உடைத்து, மீண்டும் அடித்து உறைய வையுங்கள். அப்படியே விட்டால் இளகின தண்ணீர் பெரிய பளிங்காகச் சேரும். முழுதும் கரைந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சூட்டில் கிடந்தால் கொட்டிவிடுங்கள். பால் சாமானில் மனம் இரங்கக்கூடாது.

பரிமாறும்போது வெளியே வைத்து இளக்க வேண்டாம். நம்மட வெக்கைக்கு வெளி ஓடும், உள்ளே கல்லாகவே கிடக்கும். பிறிஜின் கீழ்த்தட்டில் 15 நிமிடம் வையுங்கள். மேலே நெய்யில் பொரித்த இரண்டு இலை, வறுத்து உடைத்த கஜு, ஒன்றிரண்டாகக் குத்தின மிளகு ஒரு சிட்டிகை. பொரித்த இலையைக் கலவைக்குள் போட்டுவிடாதீர்கள், இரவுக்குள் ஈரம் குடித்துத் தோல்போல ஆகிவிடும். கிண்ணத்தில் வைத்த பிறகு போடுங்கள்.