தமிழாசிரியை தலைமையில், தாலி இல்லாத திருமணம்: சட்டப்படி செல்லுமா?

கேள்வி (தண்டையார்ப்பேட்டை):
வரும் தை மாதம் எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள சிறு மண்டபத்தில் என் திருமணம் நடைபெறவுள்ளது. புரோகிதரை அழைக்காமல், பள்ளியில் எங்கள் இருவருக்கும் பாடம் சொல்லித்தந்த தமிழாசிரியை தலைமை தாங்க, நாங்களே எழுதிய உறுதிமொழியை வாசித்து மாலை மாற்றிக்கொள்ள விரும்புகிறோம். தாலி வேண்டாமென்பது இருவரின் முடிவு. "அக்கினி சாட்சி இல்லாத கல்யாணம் கோர்ட்டில் நிற்காது" என்று பெரியப்பா சொன்னதிலிருந்து அம்மா கலங்கிப்போயிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில் (பெரம்பூர்):
தாராளமாக நிற்கும், சகோதரி. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவு, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே போதுமென்கிறது. தலைமை தாங்குபவருக்கு அது எந்தத் தகுதியும் விதிக்கவில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லையென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

உறுதிமொழியில் எவ்வளவு கவிதை இருந்தாலும், "இன்னாரை என் கணவராக ஏற்கிறேன்" என்ற வாக்கியம் அப்படியே இடம்பெறட்டும். "வழித்துணை" என்று அழகாக எழுதிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு.

பதில் (ராயபுரம்):
மேலே சொன்னது மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். அச்சட்டத்தில் பௌத்தரும் சமணரும் சீக்கியரும் அடக்கம். ஒரு வீட்டார் மாதா கோயிலுக்கும் மறுவீட்டார் அம்மன் கோயிலுக்கும் போகிற எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் யோசனை சொல்வது ஆபத்து. மதம் வேறென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ஒரு வழி: ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுத்து, மேலும் 30 நாள் காத்திருந்து, அவர் முன்னும் மூன்று சாட்சிகள் முன்னும் உறுதிமொழி சொல்லவேண்டும். மண்டபத்து நிகழ்ச்சியை அதன்பின் விருப்பம்போல் நடத்தலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவரும் இந்துக்களே. பதிவைத் திருமணத்துக்கு முன்பே முடிக்கலாமா?

பதில் (வியாசர்பாடி):
முடியாது, நடந்த திருமணத்தைத்தான் பதிவு செய்வார்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடம் பதியவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் உண்டு. வயது, முகவரிச் சான்றுகளோடு அழைப்பிதழும் மாலை மாற்றும் படமும் கையில் இருக்கட்டும். அழைப்பிதழில் ஆதாரிலுள்ள எழுத்துகளிலேயே பெயரை அச்சிடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டால் அலுவலகத்தில் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.