68–72 ஷெவெல் டிக்கி கீல்: கோளாறு கம்பியிலா, பின்னிலா?

1968 முதல் 1972 வரை வந்த ஷெவ்ரோலே ஷெவெல் கூபே கார்களில் டிக்கி மூடி ஒரு பக்கம் தொங்கினாலும் சரி, மூடும்போது முன்மூலை பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் இடித்துப் பெயின்ட் பெயர்ந்தாலும் சரி, எல்லாரும் முதலில் கை வைப்பது மூடியின் எடையைத் தாங்கும் முறுக்குக் கம்பியில்தான். கம்பி முனை மாட்டும் பற்களில் ஒன்று ஏற்றிவிட்டால் மூடி நிமிரும், வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் கம்பியை ஏற்ற ஏற்ற, கீலின் பின், அதாவது அது சுழலும் அச்சாணிமேல் விழும் சுமை கூடுகிறது. ஏற்கெனவே தேய்ந்த ஓட்டை இன்னும் வேகமாகத் தேயும்.

சோதனை எளிது. மூடியை ஒரு சாண் திறந்து, பின்விளிம்பின் மூலையைப் பிடித்து மேலும் கீழுமாகவும் இடவலமாகவும் ஆட்டுங்கள். உள்ளே கீலுக்கு நேராக செல்போனை வைத்து வீடியோ எடுங்கள். பின்னைச் சுற்றிக் கீலின் கை (மூடியைத் தாங்கும் வளைந்த தண்டு) நகர்ந்தால் பின் தேய்மானம். கையும் மூடியும் சேரும் இடத்தில் நகர்ந்தால் போல்ட் தளர்வு. அதற்கு அரை அங்குல சாக்கெட் போதும். கீல் பெட்டியே (பின்னைத் தாங்கி, காரின் தகட்டில் வெல்டிங் செய்த பாகம்) அசைந்தால் விஷயம் பெரிது.

—

அந்தக் கடைசி வரியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். இந்த வண்டிகளில் பின்கண்ணாடிச் சட்டம் துருப்பிடிப்பது பேர்போன வியாதி, வினைல் கூரை இருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே ஒழுகும் தண்ணீர் நேராகக் கீல் பெட்டியை வெல்டிங் செய்திருக்கும் தகட்டில்தான் இறங்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் பெட்டியின் விளிம்பைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் முதலில் கண்ணாடிச் சட்டம், பிறகு தகடு, கடைசியில்தான் கீல். வரிசையை மாற்றினால் காசு இரண்டு தடவை போகும்.

—

கம்பியைக் கழற்றுவது பற்றி. ஒவ்வொரு கம்பியும் ஒரு பக்கக் கீலின் கையைத் தள்ளும், மறுமுனை எதிர்ப்பக்கப் பெட்டியின் பல்லில் மாட்டியிருக்கும். மூடியை முழுசாகத் திறந்தால்தான் முறுக்கு குறைவு. குறைவுதானே தவிர, இல்லாமல் போவதில்லை. செய்ய வேண்டியது:

மூடிக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், கூடவே ஒரு ஆள் பிடிக்கட்டும். கம்பி எந்தப் பல்லில் இருக்கிறது என்று போட்டோ எடுத்து, இடது வலது கம்பிகளுக்கு வேறு வேறு நிறப் பெயின்டால் குறி போடுங்கள். கம்பி முனைமேல் கச்சிதமாக நுழையும் 2–3 அடி இரும்புக் குழாயைப் போட்டு, பல்லிலிருந்து விடுவித்து, மெதுவாகத் தளர விடுங்கள். வைஸ் கிரிப் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி) வேண்டவே வேண்டாம். வழுக்கினால் கம்பி முகத்துக்குத்தான் வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்பி வீசும் பாதைக்கு வெளியே நின்று செய்யுங்கள். கம்பியைச் சூடுகாட்டி வளைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அதன் டெம்பர் (எஃகின் விறைப்பு) அத்தோடு போய்விடும்.

—

ஓட்டைக் கணக்குக்கு வருவோம். பழைய பின்னைத் தேயாத இடத்தில் வெர்னியரால் அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். 5/16 அங்குலப் பின் என்றால், உள்விட்டம் 5/16, வெளிவிட்டம் 3/8 அங்குலமுள்ள விளிம்பு வைத்த, எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் (ஓட்டைக்குள் போடும் வளையம்) பேரிங் கடைகளில் தேடுங்கள். ஓட்டையை 3/8க்குப் பெரிதாக்கினால், ஆரம் 1/32 அங்குலம்தான் கூடுகிறது, சுமார் 0.8 மில்லிமீட்டர். ஒரு பக்கத் தேய்மானம் அதற்குள் இருந்தால், பழைய மையத்தை வைத்தே ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) போட்டு ஓவலை அழித்துவிடலாம். அதற்கு மேல் என்றால் வெல்டிங் வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும்.

மையத்தை விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. ஓவலின் நடுவை மையமாக எடுத்தால் கீல் தேய்மானத்தின் பக்கம் நகர்ந்துவிடும், பிறகு மூடி எத்தனை ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்தாலும் உட்காராது. தேயாத பக்கத்தில் பழைய அரைவட்டம் அப்படியே இருக்கும். அதிலிருந்து டிவைடரால் மையம் பிடித்து, ஓட்டைக்கு வெளியே இரண்டு பஞ்ச் குறிகள் போட்டு வையுங்கள். வெல்டிங் செய்த பிறகு அந்தக் குறிகள்தான் வழிகாட்டும். பின்புறம் செம்புக் கட்டை வைத்து நிரப்புங்கள், உலோகம் வழியாது. டிரில் பிரஸ்ஸில் கீல் பெட்டியின் இரண்டு சுவரையும் ஒரே பிடிப்பில் துளையிட வேண்டும். 23/64 டிரில், அப்புறம் ரீமர். கை டிரில் ஓவல் ஓட்டையில் இழுத்துக்கொண்டு போகும்.

—

சின்னத் திருத்தம் சார். ரீமர் அளவை முடிவு செய்யும் முன் புஷ்ஷின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிட ஓட்டை 0.001–0.002 அங்குலம் சிறிதாக இருந்தால்தான் இறுக்கமாக நிற்கும். அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், பின் ஏறாது. அப்போது எமரி தாளால் தேய்த்தால் வெண்கலத்தின் நுண்துளைகள் அடைபட்டு, எண்ணெய் கசிவது நின்றுவிடும். கூரான ரீமர் மட்டும்தான். புஷ்ஷை பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவாதீர்கள், உள்ளே ஊறிய எண்ணெய் வெளியேறிவிடும். மாட்டியதும் எஸ்ஏஇ 30 எண்ணெய் இரண்டு சொட்டு. கிரீஸ் இங்கே தேவையில்லை.

—

சுவர் தகடு மெல்லியது, புஷ் நாளடைவில் தளரும் என்று நினைப்பவர்கள், இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரே எஃகுக் குழாயை வெல்டிங் செய்து அதற்குள் புஷ் போடலாம். தாங்கும் பரப்பு பல மடங்கு கூடும். எனக்கு அதுதான் சரியான வழி. ஆனால் முறுக்குக் கம்பியின் முனை குழாயில் உரசாமல் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னுக்கு முழு மரையுள்ள போல்ட்டைப் போடாதீர்கள். மரை அரம் மாதிரி புஷ்ஷை அறுத்துவிடும். 5/16 ஷோல்டர் போல்ட் வாங்கினால் மரை 1/4-20 வரும், அதற்கு உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட். ஷோல்டர் நீளம் சுவர்களின் வெளி அகலத்தைவிட இம்மி அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நட்டை இறுக்கியதும் கை பிடித்துக்கொள்ளும்.

—

மாட்டும்போது ரப்பர் பீடிங்கையும் பூட்டையும் எடுத்துவிடுங்கள். புது பீடிங் மூடியைத் தூக்கிக் காட்டும், அதை நம்பி ஷிம் வைத்தால் ரப்பர் படிந்ததும் எல்லாம் மாறிவிடும். பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, மூடியைக் கையால் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். முன்பின் இடைவெளியைப் போல்ட் ஓட்டைகளிலும், முன்விளிம்பின் உயரத்தைக் கைக்கும் மூடிக்கும் நடுவே ஷிம்மிலும் சரிசெய்யலாம். இடைவெளி சுற்றிலும் 4–5 மில்லிமீட்டர் சீராக வந்தபிறகு பூட்டு, கடைசியாக பீடிங்.

—

ஸ்பாய்லர் பொருத்திய மூடி நிற்காவிட்டால் இரண்டு கம்பியையும் ஒவ்வொரு பல் ஏற்றலாம், கம்பியை ஏற்ற நியாயமான காரணம் அது. ஃபைபர் கிளாஸ் மூடிக்கு நேர் எதிர். அந்தக் கம்பிகள் எஃகு மூடியின் எடைக்கானவை. லேசான மூடியை அவை வளைத்து, கீல் போல்ட் சுற்றி விரிசல் விட வைக்கும். ஒரு கம்பியை எடுத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் வளைந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு ஊன்றுகோல் வைத்துக்கொள்வதுதான் வழி.