அட்டாச்மென்ட்: இணைப்பா, உடன்கோப்பா?

வணக்கம்.

மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பும் கோப்பான அட்டாச்மென்டுக்கு 'இணைப்பு' போதுமே, புதுச்சொல் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 'மின்னஞ்சலில் வரும் தெரியாத இணைப்புகளைத் திறக்காதீர்கள்' என்று தமிழில் அச்சடித்துக் கணினிக்கு மேலே ஒட்டியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஆர்டர் கேட்டு ஒரு மடல் வந்தது. கணக்கு எழுதும் அக்கா அதில் நீல எழுத்தில் இருந்த இணைய முகவரியைத் தொடவில்லை. கூட வந்திருந்த 'கொலுசு மாதிரி' கோப்பைத் திறந்துவிட்டார். ஆறு மாத பில்கள் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டன. "நீங்க எழுதின மாதிரி இணைப்பைத் தொடவே இல்லையே தம்பி" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. லிங்க்கும் இணைப்பு, அட்டாச்மென்டும் இணைப்பு, நெட் கனெக்‌ஷனும் இணைப்பு என்று எழுதிவரும் நம் தப்பு அது.

அரசுக் கடிதங்களின் அடியில் 'இணைப்பு' என்று போடுகிறார்களே என்றால், சரிதான். தாளில் சொடுக்க எதுவும் இல்லை, அதனால் அங்கே குழப்பமும் இல்லை.

'ஒட்டுக்கோப்பு' கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒட்டு என்றால் சேலத்தில் மாங்கன்றுதான் நினைவுக்கு வரும். ஒட்டுக்கட்டிய இரண்டும் ஒரே மரமாகிவிடும், மடலும் கோப்பும் அப்படி ஆவதில்லை. 'இணைகோப்பு' என்றால் இணை இயக்குநர் போல, இன்னொரு கோப்புக்குச் சமமான கோப்பு என்று படிக்க இடமிருக்கிறது.

என் பரிந்துரை 'உடன்கோப்பு'. மடல் வேறு, உடன் வந்தது வேறு என்று சொல்லே பிரித்துக் காட்டுகிறது. இந்தப் பிரிவு முக்கியம். 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' கணினிப் புழுவை, அதாவது தானே பரவும் கெடுநிரலை, நினைத்துப் பாருங்கள். அதன் கோப்புப் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று இரட்டை வாலோடு முடியும். வால் என்றால் கோப்பு எந்த வகை என்று காட்டும் கடைசி எழுத்துகள்; முதல் வால் உரைக்கோப்புக்கு, இரண்டாவது திறந்தால் இயங்கும் நிரலுக்கு. பல கணினிகளில் விண்டோஸ் கடைசி வாலை மறைத்துவிட்டதால் சாதாரண உரைக்கோப்பு போலத் தெரிந்தது. திறந்தவரின் அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. அதாவது, வந்ததெல்லாம் தெரிந்தவர்களிடமிருந்துதான். என் பழைய அறிவிப்பில் 'தெரியாத' என்ற சொல்லும் தவறு என்பது இதை யோசித்தபோதுதான் உறைத்தது.

இப்போது பட்டறையில் ஒட்டியிருப்பது இது: 'எதிர்பாராமல் உடன்கோப்பு வந்தால், தெரிந்தவர் அனுப்பியதாக இருந்தாலும், அவருக்கு போன் செய்து கேட்ட பிறகே திறக்கவும்.'

அக்கா ஒருமுறை படித்துவிட்டு, "கூட வர்ற ஃபைல்தானே?" என்றார். விளக்கம் கேட்கவில்லை.

வினைச்சொல்தான் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. 'கோப்பை உடன்வைத்துள்ளேன்' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் இடறுகிறது. 'உடன் அனுப்பியுள்ளேன்' என்றால் 'உடனே' என்று படித்துவிடுவார்கள். இதற்கு ஒரு நல்ல வழி சொல்லுங்கள்.