தலைமைப் பண்பு பாடம்: 30 மணி நேரமா, 60 மணி நேரமா?

குளச்சல் அலை:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தாரு: "நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளையளுக்கு மார்க் உண்டு, நாலு பேரு முன்ன வாய் தொறக்கத் தெரியாது. கல்லூரியில தலைமைப் பண்பு, வாழ்க்கைத் திறன்னு 2 கிரெடிட் பாடம் வந்த பெறவாக்கும் வேலைக்குப் போறாவ." படிச்சதுல இருந்து எனக்குக் கொதிக்குது. 2 கிரெடிட்டுன்னா 30 மணி நேரம். மூணு வருசப் படிப்புல 30 மணி நேரம் பெஞ்சுல இருந்தா தலைமைப் பண்பு வந்துருமா? 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ, காணாமப் போனவங்களைத் தேடி தானே வள்ளம் எடுத்துட்டுப் போன பயலுவளுக்கு யாரு எத்தனை கிரெடிட் குடுத்தா?

கோட்டார் தெரு:
எழுதினது நாந்தான். திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்துல 11 வருசமா ஆளெடுக்கேன். "உன்னைப் பத்திச் சொல்லு"ன்னா நம்ம ஊரு பையன் தரையைப் பாக்கான். கொல்லத்துக்காரன் கண்ணைப் பாத்துப் பேசிட்டு வேலையோட போறான். 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதல் மாவட்டம் நாம. என்ன பிரயோசனம்? அப்புறம், அது 30 இல்ல, 60 மணி நேரம். செயல்முறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட்டுன்னா 30 மணி நேரம். தெரிஞ்சுட்டுப் பேசணும்.

குளச்சல் அலை:
60-ஆ? எங்க அக்கா மவளுக்க கால அட்டவணை என் கையில இருக்கு. வாரத்துக்கு 2 பீரியடு, 15 வாரம். கூட்டிப் பாருங்க. அதுலயும் பாதியை கணக்கு வாத்தியார் சிலபஸ் முடிக்கணும்னு வாங்கிட்டுப் போனாரு.

பத்மநாபபுரம் டீச்சர்:
நான் அந்தப் பாடத்தை நடத்துகிறவள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் கொண்டுவந்த ஜீவன் கௌசல் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்திட்டம் மொத்தம் 8 கிரெடிட். பேச்சும் எழுத்தும், தொழில் திறன், தலைமையும் மேலாண்மையும், மனித விழுமியங்கள் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றும் 2. எங்கள் கல்லூரியில் ஒரு கிரெடிட் வகுப்புக்கு 15, ஒரு கிரெடிட் செயல்முறைக்கு 30, ஆக 45 மணி நேரம். ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் மகள் ஒருத்தி, மாதிரி நேர்காணலில் முதல் தடவை அழுதாள். நாலாவது தடவை என்னையே திருப்பிக் கேள்வி கேட்டாள். முதலில், தலைமை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பேசலாமே? மேடையில் பேசுவதா, பொறுப்பை ஏற்பதா?

குளச்சல் அலை:
டீச்சர், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இப்ப மூணாவது ஒரு கணக்கு வந்திருக்கு பாத்தியளா. 30, 45, 60. எது நெசம்?

மார்த்தாண்டம் தேன்:
மணிக்கணக்கை விடுங்க. 1920-கள்ல ஒய்எம்சிஏ-வுல இருந்து ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்துக்கு வந்து விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டி வைக்கச் சொல்லிக் குடுத்தாரு. முட்டையும் தேனும் தரம் பிரிச்சு, ஒண்ணாச் சேந்து விக்கவும் படிச்சாவ. அதாக்கும் வாழ்க்கைத் திறன். 2023-ல மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே வந்தாச்சு.

கோட்டார் தெரு:
இங்க தேன் எதுக்கு வருது? மாவட்டத்துல மேற்க, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவங்க எதைப் பேசினாலும் கடைசியில ஊர்ப்பெருமையில கொண்டு முடிக்காவ.

மார்த்தாண்டம் தேன்:
மேற்குன்னா எளக்காரமா? திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேரணும்னு போராடி, 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிக் குண்டு வாங்கினது யாரு? 1956-ல இந்த மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்ததே அவங்களாலயாக்கும். அந்தப் போராட்டத்துக்கு ஆளைத் திரட்டினவங்களுக்கு 60 மணி நேரம் வகுப்பு யாரும் எடுக்கல்ல.

குளச்சல் அலை:
30 மணி நேரம். 60 இல்ல.

இரணியல் மூணாமாண்டு:
நான் இந்தப் பாடம் படிச்சவன். தன்விவரம் எழுதப் படிச்சது உபயோகமா இருந்தது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் வாரமே வெளியூர்ல இருந்து வந்த பயிற்சியாளர் "நீ பேசுறது தமிழா மலையாளமா"ன்னு கேட்டாரு. வகுப்பே சிரிச்சுது. அதுக்குப் பெறவு அந்தப் பருவம் முடியுற வரைக்கும் நான் வாயே தொறக்கல்ல.

குளச்சல் அலை:
மக்கா, உனக்கு வாரத்துக்கு எத்தனை பீரியடு? அதை மட்டும் சொல்லு.

இரணியல் மூணாமாண்டு:
2 பீரியடு அண்ணே. நான் சொல்ல வந்தது அது இல்ல.

கோட்டார் தெரு:
தம்பி, பயிற்சியாளர் கேட்ட விதம் தப்பு. ஆனா "லே", "மக்கா"ன்னு நேர்காணல்ல பேச முடியாது. மாத்தித்தான் ஆகணும்.

மார்த்தாண்டம் தேன்:
பாலக்காட்டுக்காரன் அவனுக்க பேச்சை மாத்துறானா? நாம மட்டும் எதுக்கு நாக்கைக் கழட்டி வச்சிட்டுப் போணும்?

குளச்சல் அலை:
இன்னொண்ணும் கேளுங்க. நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்எஸ்எஸ்-ல வருசத்துக்கு 120, ரெண்டு வருசத்துக்கு 240 மணி நேரம். போதாததுக்கு 7 நாள் முகாம். நான் போன முகாம்ல 50 பேருக்கு நான்தான் சமையல் பொறுப்பு. மூணாம் நாள் அரிசி தீந்து போச்சு. ஊர்க்காரங்க வீடு வீடா ஏறி இறங்கி, குறுணியும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கிட்டு வந்து அவிச்சோம். அன்னைக்குப் பாத்திரம் கழுவ மாட்டேன்னு ரெண்டு கோஷ்டியா நின்னவனுவளை ஒரே வரிசையில உக்கார வச்சேன். சண்டையைத் தீக்கது எப்படின்னு எனக்கு ஒரு ஸ்லைடும் போட்டுக் காட்டல்ல. 240 எங்க, 30 எங்க?

பத்மநாபபுரம் டீச்சர்:
நீங்கள் சொல்வதைத்தான் நானும் வகுப்புக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். முகாமுக்கு எல்லோரும் வர முடியாது. சாயங்காலம் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளை வீட்டில் 7 நாள் விடுவார்களா? அவர்களுக்கு அந்த வகுப்பு மட்டும்தான்.

கோட்டார் தெரு:
டீச்சர், அவருக்கு வகுப்பு மேல கோவம் இல்ல. போன வருசம் அவரு தம்பி மவனை நான் நேர்காணல்ல எடுக்கல்ல. அதாக்கும் இவ்வளவும்.

குளச்சல் அலை:
அது வேற, இது வேற. அவனை எடுக்காதது உங்களுக்குத்தான் நட்டம், இப்ப கொச்சியில நல்லா இருக்கான். எங்க குடும்பத்தை இதுல இழுக்காதீங்க. 60-ன்னு சொன்னதுக்கு ஆதாரம் காட்டுங்க.

கோட்டார் தெரு:
யுஜிசி விதியைப் படிச்சுப் பாருங்க. செயல்முறைன்னா ரெண்டு மணி நேரத்தை ஒண்ணாத்தான் எண்ணுவாவ. எங்க போய்க் கேட்டாலும் 60.

இரணியல் மூணாமாண்டு:
டீச்சர், உங்க மாதிரி நேர்காணலுக்கு வேற கல்லூரிப் பிள்ளைங்க வரலாமா?

குளச்சல் அலை:
விதி புத்தகத்துல கிடக்கும். பிள்ளை பெஞ்சுல இருந்தது எத்தனை மணி நேரம்னாக்கும் நான் கேக்கேன். நாளைக்கு அந்தக் கால அட்டவணையைப் படம் பிடிச்சு இங்க போடுதேன். 30-க்கு மேல ஒரு பீரியடு இருந்தாலும் சொல்லுங்க.