பெண்ணுக்கென்று தனித் துப்பாக்கி உண்டா?

நிலாமுற்றம்:
ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பணி முடிய இரவு பதினொன்றரை ஆகிவிடும். கார் நிறுத்துமிடம் நான்கு நிமிட நடை; வழியில் பாதி விளக்குகள் எரிவதில்லை. சென்ற மாதம் என்னுடன் பணிபுரியும் பெண்ணை அங்கே ஒருவன் வழிமறித்துக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அன்றிலிருந்து கார் சாவியை விரலிடுக்கில் பிடித்தபடிதான் நடக்கிறேன்.

வயது 38, உயரம் ஐந்தடி, கை சிறியது. கிரீன் கார்டு இருக்கிறது. உடைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறேன். கணவரும் கடைக்காரரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரைத்தான் சொல்கிறார்கள். ஐந்து தோட்டா, எடை குறைவு, பெண்களுக்கு ஏற்றது என்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதுவரை ஒரு தோட்டாகூட நான் சுட்டதில்லை. வாங்கலாமா? வீட்டில் ஆறு வயது மகன் இருக்கிறான்.

கொல்லிமலை:
தயங்காமல் வாங்குங்கள் சகோதரி. டெக்சஸில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். என் மனைவியிடம் பதினைந்து ஆண்டுகளாக இருப்பது இதே 642தான். கட்டைவிரல் மூட்டில் வாதம் இருப்பதால் பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது தோட்டாவை ஏற்ற இழுக்க வேண்டிய மேல்பாகத்தை, அவளால் பின்னுக்கு இழுக்க முடியாது. ரிவால்வரில் இழுக்க எதுவும் இல்லை, நினைவில் வைக்கத் தனிப் பாதுகாப்புப் பொத்தானும் இல்லை. எடுத்தால் சுட வேண்டியதுதான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் சட்டைப் பைக்குள்ளிருந்தே சுடலாம், துணியில் சிக்காது. இருட்டில் ஒருவன் மேலே வந்து விழும்போது யோசிக்க நேரம் இருக்காது. எளிய கருவியே உயிரைக் காக்கும்.

தாரகை:
நிலாமுற்றம், தயவுசெய்து இன்றே வாங்கிவிடாதீர்கள். டாலஸில் ஒரு பயிற்சித் திடலில் பெண்களுக்கான வகுப்புகளில் உதவியாளராக இருக்கிறேன். கணவர் வாங்கிக் கொடுத்த சிறிய ரிவால்வரோடு முதல் வகுப்புக்கு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஐந்து தோட்டா சுட்டதும் மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறுவார்கள். அதன் பிறகு பலர் அதைத் தொடுவதே இல்லை. துப்பாக்கி அலமாரியில் இருக்கும், பயிற்சி இருக்காது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். கையாள எளிது என்று சொல்லி, சுடுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கியைப் புதியவரின் கையில் திணிக்கிறார்கள்.

642-இன் எடை சுமார் 400 கிராம். துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். அந்த உதைப்பு முழுவதும் உங்கள் சின்னக் கைக்குத்தான் வந்து சேரும். விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். 400 கிராம் பொருளை ஐந்து கிலோ அழுத்தத்தில் ஒற்றை விரலால் இழுக்கும்போது அது ஆடாமல் எப்படி இருக்கும்? குழலோ இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. குறி பார்க்க முனையில் வைத்த குறிமுள் இருக்கும் இடமே பலருக்குத் தெரிவதில்லை. நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள் இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்வது இது.

பெண்ணுக்கென்று ஒரு துப்பாக்கி என்பது பழைய வியாபாரம். 1902-லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரர்கள் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் .22 என்ற சிறிய தோட்டா அளவில் ரிவால்வரை விற்றார்கள். எண்பதுகளின் முடிவில் அதே பெயரை மறுபடி தூசு தட்டி எடுத்தார்கள். உங்களுக்கு ஏற்றதைச் சொல்ல வேண்டியது உங்கள் கைதான். வாடகைக்குத் துப்பாக்கி தரும் திடலுக்குப் போய் நான்கைந்தைச் சுட்டுப் பாருங்கள். 9 மி.மீ. தோட்டா அளவில் சிக் சாவர் பி365 பிஸ்டல்: அரைக் கிலோ எடை, தோட்டாவை அடுக்கும் மேகசினில் பத்துத் தோட்டா. கிளாக் 19 இன்னும் பெரியது, பதினைந்து தோட்டா. மறைப்பது கடினம், சுடுவது சுகம். ஸ்லைடு இழுக்கத் தயக்கம் என்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி. .380 தோட்டா அளவில் 2018-லும் 9 மி.மீ.யில் 2020-லும் வந்தது. பழையது வாங்கினால் மட்டும் எச்சரிக்கை: 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை செய்த 9 மி.மீ. ஈஸியில் சுத்தியல் பாகத்தை மாற்றித் தருவதாக நிறுவனமே அறிவித்தது. வரிசை எண்ணைச் சரிபாருங்கள்.

கொல்லிமலை:
தாரகை அம்மா, உதைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர் என்ற தட்டைமுனைத் தோட்டாவைப் போட்டால் அதே ரிவால்வர் அடங்கிவிடும். என் மனைவி அதைத்தான் போடுகிறாள். ஏழு கெஜத்தில் ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும். இழுபட்டுக் கட்டிப் புரளும்போது பிஸ்டலின் முனை எதிரியின் உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு பின்னுக்கு நகர்ந்து, விசையை இழுத்தாலும் வெடிக்காமல் போகலாம். ரிவால்வர் அப்போதும் சுடும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் பிஸ்டலில் தோட்டா சிக்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. ஆயிரம் தோட்டா சுட்டுப் பழக இந்தச் சகோதரிக்கு நேரம் எங்கே? இரவுப் பணி, வீடு, குழந்தை. மாதம் ஒருமுறைகூடத் திடலுக்குப் போக முடியாதவர்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்.

தாரகை:
மாதம் ஒருமுறைகூடப் பழக முடியாதவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லவே வேண்டாம் என்பேன் ஐயா. வாட்கட்டர் பற்றிய உங்கள் குறிப்பு நல்லது, ரிவால்வர் வைத்திருப்பவர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது. உங்கள் மனைவிக்கு அது சரியான துப்பாக்கி என்பதையும் ஏற்கிறேன், ஏனென்றால் அவர் கையைப் பார்த்துத் தேர்ந்தது அது. இவருக்கு மூட்டு வாதம் இல்லையே!

ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை. முடியாது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி இழுக்கிறார்கள். பிஸ்டலை மார்புக்கு அருகே கொண்டுவந்து, இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளிப் பாருங்கள். முனை மட்டும் யார் பக்கமும் திரும்பாமல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். அறுபதைத் தாண்டிய பெண்கள் இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

குறிஞ்சிட்டு:
இடையில் ஒரு செய்தி, படிப்பவர்களில் பலருக்குப் பொருந்தும். எச்1பி உட்படத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். 2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று கேட்டுவிட்டு நண்பர் ஒருவர் கடைக்குப் போகக் கிளம்பினார். மாநிலச் சட்டம் அவரைக் காப்பாற்றாது. கிரீன் கார்டு இருப்பதால் நிலாமுற்றத்துக்கு இந்தத் தடை இல்லை.

அகவிளக்கு:
நான் கலிஃபோர்னியாவில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். எந்தத் துப்பாக்கி என்பதிலேயே எல்லோரும் நிற்கிறீர்கள். அந்த நான்கு நிமிடத்தை யாரும் கேட்கவில்லை.

நிலாமுற்றம், உங்கள் மருத்துவமனை வாசலில் துப்பாக்கிக்குத் தடை அறிவிப்பு இருக்கிறதா? இருந்தால், உரிமம் பெற்றிருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது. பூட்டிய காரில் வைத்துவிட்டுப் போகச் சட்டம் இடம் தருகிறது. அப்படியானால் நீங்கள் அஞ்சும் அந்த நடையில் துப்பாக்கி காரில் இருக்கும், நீங்கள் வெளியே இருப்பீர்கள். இரவெல்லாம் ஆளில்லாத இடத்தில் நிற்கும் காரை உடைப்பவனுக்கும் அது வசதி.

வீட்டு நிலைமையையும் பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கலிஃபோர்னிய மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிய இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. 2022-இல் வந்ததன்படி, கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொல்லப்படும் விகிதம், துப்பாக்கி இல்லாத வீடுகளில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். துணைவரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் 84 சதவீதம் பெண்கள். 2020-இல் வந்தது இன்னும் கலங்க வைப்பது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தம்முயிரைப் போக்கிக்கொள்ளும் விகிதம் மற்றப் பெண்களைவிட 35 மடங்கு. எண்களை நான் ஏட்டில் மட்டும் பார்ப்பதில்லை, கட்டிலில் பார்க்கிறேன்.

தாரகை:
மருத்துவரே, உங்கள் வேதனையை மதிக்கிறேன். ஆனால் அந்த 35 மடங்கில், சாக வேண்டும் என்ற முடிவோடு துப்பாக்கி வாங்கியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வாங்கிய உடனே ஆபத்து உச்சத்தில் இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. வழிப்பறிக்கு அஞ்சி வாங்கும் ஒரு செவிலியரை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? மற்ற ஆய்வில் வருவது துணைவரின் வன்முறை. கொடுமைக்காரன் இருக்கும் வீட்டில் துப்பாக்கி கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

அகவிளக்கு:
அதே ஆய்வின் அடுத்த வரியையும் படியுங்கள். துப்பாக்கி உரிமையாளர்களின் அத்தகைய மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாங்கி ஓராண்டு கடந்த பிறகு நிகழ்ந்தவை. வாங்கும்போது இருந்த மனம் ஐந்தாம் ஆண்டிலும் அப்படியே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இரவுப் பணி செய்யும் செவிலியர்களின் சோர்வை நான் அருகிலிருந்து அறிவேன்.

கொல்லிமலை:
அப்படியென்றால் அந்தப் பெண் வெறுங்கையோடு நடக்க வேண்டுமா? பறித்தவன் நாளை பையோடு விடுவான் என்று யார் உறுதி தருவது? காவலர் வர எத்தனை நிமிடம் ஆகும்? கைப்பையில் தனி அறை வைத்துத் தைத்த பைகள் விற்கிறார்கள், அதில் ரிவால்வரை வைத்தால் வெளியே தெரியாது.

தாரகை:
கைப்பை வேண்டவே வேண்டாம் ஐயா, இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இவர் அஞ்சுவதே கைப்பையைப் பறிப்பவனுக்கு. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில், வால்மார்ட் கடையில், நீங்கள் சொல்கிற அதே வகைப் பையைத் தாய் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். இரண்டு வயது மகனின் கை உள்ளே போனது. தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கி உடம்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், மூன்றாவது இடம் கிடையாது.

செவிலியர் உடையில் பெல்ட் இல்லை, நாடாதான். பெல்ட்டில் மாட்டும் உறை அதில் நிற்காது. இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில், விசையை முழுவதும் மூடும் கெட்டி உறை இருப்பதாகப் பாருங்கள். வெறும் மீள் துணி போதாது. துணி வழியாக விசை அழுந்தும்.

நிலாமுற்றம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

திடலுக்குப் போனேன். முதலில் 642. ஏழு கெஜத்தில் ஐந்து சுட்டதில் இரண்டுதான் தாளில் பட்டது. நான்காவது தோட்டாவுக்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டதை உணர்ந்தேன். மாலையில் கட்டைவிரல் இடுக்கில் தோல் கன்றியிருந்தது. பி365 பரவாயில்லை. 9 மி.மீ. ஈஸியின் ஸ்லைடு, தாரகை அக்கா சொன்ன பிடியில், முதல் முயற்சியிலேயே வந்தது. எட்டுத் தோட்டாவும் தாளில் விழுந்தன. என் கணவர் அருகில் நின்று பார்த்தார், ரிவால்வரைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

ஆனால் மருத்துவர் ஐயாவின் கேள்வி என்னை விடவில்லை. வாசலில் தடை அறிவிப்பு இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருக்கிறேன், ஒருநாளும் நின்று படித்ததில்லை. விளக்குகளைப் பற்றிப் பதினான்கு பேர் கையெழுத்திட்டு மேலாளரிடம் கடிதம் கொடுத்தோம். இப்போது பதினொன்றரைக்குக் காவலர் ஒருவர் எங்களோடு கார் வரை நடந்து வருகிறார். விளக்குகள் இன்னும் எரியவில்லை.

கட்டாயம் இல்லை என்றாலும் உரிம வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஐம்பது தோட்டா சுட வேண்டும்: மூன்று கெஜத்தில் இருபது, ஏழில் இருபது, பதினைந்தில் பத்து, 250-க்கு 175 வாங்கினால் தேர்ச்சி. அதுவரை துப்பாக்கி வாங்குவதாக இல்லை. வாங்கினால் முதலில் பெட்டிதான். என் மகன் அலமாரியின் மேல்தட்டு வரை நாற்காலி போட்டு ஏறுகிறவன்.

அகவிளக்கு:
வாங்க வேண்டாம் என்பதே இப்போதும் என் வேண்டுகோள். வாங்குவதென்றால் எண் பூட்டு உள்ள எஃகுப் பெட்டி, சுவரோடு திருகி வைத்தது. எண்ணை மகனின் பிறந்தநாளாக வைக்காதீர்கள், குழந்தைகள் முதலில் அழுத்திப் பார்ப்பது அதைத்தான்.

கொல்லிமலை:
பதினைந்தாவது கெஜத்தில்தான் மதிப்பெண் கரையும், அங்கே நிதானமாகச் சுடுங்கள் சகோதரி. ஞாயிறு காலையில் என் மனைவியும் திடலுக்கு வருவாள். விருப்பமிருந்தால் வாட்கட்டர் போட்ட அவளுடைய 642-ஐ ஒருமுறை சுட்டுப் பாருங்கள். தாரகை அம்மாவும் வந்தால் மகிழ்ச்சி.

தாரகை:
வருகிறேன் ஐயா. ஈஸியை நான் எடுத்து வருகிறேன். அம்மாவின் கட்டைவிரலால் அந்த ஸ்லைடை இழுக்க முடிகிறதா என்று பார்த்துவிடலாம்.